எண்டாவ் ரொம்பின்: காட்டுக்குக் காவல் யார்?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் கஹாங் என்றொரு சிற்றூர் உண்டு. தியோமான் தீவுக்குப் போகிற வழியில் வாசகர்களில் பலர் இவ்வூரைத் தாண்டியிருப்பீர்கள். அங்கிருந்து உள்ளே பிரியும் பாதையில் செம்பனைத் தோட்டங்களைக் கடந்து ஏறத்தாழ 56 கிலோமீட்டர் போனால் கம்போங் பெத்தா வரும். ஜக்கூன் பூர்வகுடி மக்கள் வாழும் கிராமம் அது. எண்டாவ் ரொம்பின் பூங்காவின் ஒரு வாசலும் அதுவே. மற்றொரு வாசல் பெக்கோக் பக்கம், செலாயில் இருக்கிறது.

ஜொகூர், பகாங் மாநிலங்களின் எல்லையில் பரந்து கிடக்கும் பழங்காடு இது. உப்பே குலிங் என்னுமிடத்தில் ஆற்றுப் பாறைகளைப் பாருங்கள். நீர்ச்சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் காலங்காலமாகச் சுற்றிச் சுற்றி, பாறையை உரல் போலக் குடைந்து வைத்திருக்கின்றன. சில குழிகளில் ஓர் ஆள் இறங்கி உட்காரலாம். இன்னும் உள்ளே நடக்கத் தெம்புள்ளவர்கள் புவாயா சங்குட் நீர்வீழ்ச்சியைக் காணலாம். முதலை சிக்கிக்கொண்ட இடம் என்பது அப்பெயரின் பொருள். ஜானிங் பாராட் மேட்டில் விசிறி போன்ற இலையுடைய ஒருவகைப் பனை கூட்டங்கூட்டமாக நிற்கிறது. அறிவியல் உலகம் அதற்கு எண்டாவின் பெயரையே சூட்டியிருக்கிறது.

இத்தனை அழகும் இன்று நமக்கு மிஞ்சியிருப்பது எப்படி என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

மூன்றாம் மலேசியத் திட்டத்திலேயே (1976–1980) இக்காட்டைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்ற எண்ணம் இடம்பெற்றுவிட்டது. ஆனால் 1977ஆம் ஆண்டில் பகாங் மாநில அரசாங்கம், பூங்காவின் நடுப்பகுதியாகக் கருதப்பட்ட இடத்தில் சுமார் 30,000 ஏக்கரில் மரம் வெட்ட அனுமதி கொடுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மலாயா இயற்கைக் கழகமும் பிற சங்கங்களும் குரல் கொடுத்தன. பொதுமக்கள் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வெட்டு நிறுத்தப்பட்டது.

மத்திய அரசாங்கம் பூங்கா என்று திட்டமிட்ட இடத்தில் மாநிலம் எப்படி அனுமதி கொடுக்க முடிந்தது என்று நீங்கள் கேட்கலாம். விடை நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கிறது. நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் உள்ளன. வனவிலங்குப் பாதுகாப்பும் தேசியப் பூங்காக்களும் இருவருக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. அதாவது, புலியைக் காக்கும் பொறுப்பு இரு அரசாங்கங்களுக்கும் உண்டு. புலி நடக்கும் மண்ணோ மாநிலத்துக்குச் சொந்தம். மாநிலம் மனம் வைக்காமல் எந்தப் பூங்காவும் உருவாகாது. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாமான் நெகாராவும் 1938, 1939ஆம் ஆண்டுகளில் கிளந்தான், பகாங், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் தனித்தனியே இயற்றிய சட்டங்களால்தான் பிறந்தது.

பிறகு 1980ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. அதன்படி மாநிலம் தன் நிலத்தை மத்திய அரசின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும். அதன்கீழ் முதலில் அமைந்த பூங்கா பினாங்கில்தான், அதுவும் 2003ல். எண்டாவ் ரொம்பின் அந்த வழியில் போகவில்லை. 1985–86ல் மலாயா இயற்கைக் கழகம் பெரிய ஆய்வுப் பயணம் நடத்தி இக்காட்டின் செல்வத்தை உலகறியச் செய்தது. ஜொகூர் 1989ல் தானே ஒரு சட்டம் இயற்றி, பூங்காக் கழகம் ஒன்றை அமைத்தது. 1993ல் 48,905 ஹெக்டர் அரசிதழில் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பகாங் பகுதி தனி நிர்வாகத்தில் இருக்கிறது. ஒரே காட்டுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள்!

மாநிலங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. மாநிலத்துக்கு நிலம், சுரங்கம், காடு ஆகியவையே முக்கிய வருவாய். நிற்கும் மரம் காசு தராது, வெட்டிய மரம் தரும் என்றால் கை நீளத்தான் செய்யும். இதையுணர்ந்து, காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கென மத்திய அரசு 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி வெள்ளி ஒதுக்கியது. 2024ல் அது 20 கோடியாக உயர்ந்தது. நல்ல தொடக்கம்தான்.

பூங்காவின் எல்லைக்கல்லோடு கதை முடிவதில்லை. யானைக்கு எல்லைக்கல் தெரியாது. கஹாங், மெர்சிங் வட்டாரத் தோட்டங்களில் இளம் செம்பனைகளை யானைகள் பிடுங்கித் தின்பது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன துயரம். பூங்காவை ஒட்டிய நிலம் தோட்டமாகுமா, காடாகவே இருக்குமா என்பதை மாநில அரசும் மாவட்ட நில அலுவலகமும் மாவட்டத் திட்ட வரைபடமுமே தீர்மானிக்கின்றன. தாமதத்தின் விலையையும் நாம் கண்டுவிட்டோம். ஒரு காலத்தில் இக்காட்டின் பெருமையாக இருந்த சுமத்திரா காண்டாமிருகம் இன்று இங்கில்லை. மலேசியாவின் கடைசி சுமத்திரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

நாம் என்ன செய்ய முடியும்? சிலாங்கூரைப் பாருங்கள். வனக் காப்பகத்தை இரத்துச் செய்யுமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று அம்மாநிலம் 2011ல் சட்டத்தைத் திருத்தியது. கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தை மேம்பாட்டுக்கு விடும் அறிவிப்பு 2020 பிப்ரவரியில் நாளிதழில் வந்தபோது, 45,000க்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அப்படியும் 2021ல் ஒரு பகுதிக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டது. செய்தி வெளிவந்து எதிர்ப்பு மீண்டும் கிளம்பவே, அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது.

நிலத்தின் பயன் மாறினால் என்ன நேரும் என்பதைத் தோட்ட மக்களாகிய நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோட்டத் துண்டாடலைக் கண்டுதானே 1960ல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்? கோயிலும் பள்ளியும் லயமும் இடம்பெயர்ந்த பின்பே, 'அறிவிப்பு எப்போதோ ஒட்டியிருந்தார்களாம்' என்று பேசிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. காட்டுக்கும் அதே கதி வரக்கூடாது. மாவட்ட மன்றம் வரைவுத் திட்டத்தைப் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். மலாய் நன்கறிந்த உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.

பள்ளி விடுமுறையில் ஒரு முறை எண்டாவ் ரொம்பினுக்கும் போய்வாருங்கள். ஆண்டிறுதிப் பருவமழையில் பூங்காவை மூடிவிடுவது வழக்கமாதலால் முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். வழிகாட்டியாக ஜக்கூன் இளைஞர் ஒருவரைக் கேளுங்கள். அந்தக் காட்டை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.