தையலின் பெயர்

எம்.ஐ.ஏ.வின் முதல் ஆல்பம் 'அருளர்' 2005இல் வந்தது. அது அவருடைய அப்பாவின் இயக்கப் பெயர். இரண்டாவது ஆல்பம் 'கலா' 2007 ஆகஸ்டில் வந்தது. அது அம்மாவின் பெயர். மூன்றாவது 'மாயா', நான்காவது 'மாதங்கி'. இரண்டும் அவரேதான். மாதங்கி அருள்பிரகாசம் என்ற ஈழத்தமிழ்ப் பெண்ணின் இந்த நான்கு ஆல்பங்களையும் வரிசையாக அடுக்கினால் ரேஷன் அட்டை போல இருக்கும். நம் பழைய அட்டைகளில் இருந்ததைப் போலவே இதிலும் அப்பாதான் முதலில் வருகிறார். ஆனால், அடுத்த வரியில் அம்மா உறவுமுறையால் குறிக்கப்படாமல் சொந்தப் பெயரோடு நிற்கிறார். என்னை அந்த ஆல்பத்தின் பக்கம் முதலில் இழுத்தது இசை அல்ல, அந்தப் பெயர்தான்.

பெயர்களைப் பற்றி எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. என் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினெட்டு வருடம் தைத்தார். அதில் பெரும்பகுதி காலரில் லேபிள் வைக்கும் வேலை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சான யார் யாருடைய பெயர்களையோ ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்ற டார்கெட்டில் சட்டைகளுக்குள் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெயர் இருந்தது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். அதிலும் அப்பாவின் இனிஷியலோடு.

அம்பத்தூர் என்றால் சைக்கிள், டயர் என்று ஆண்கள் வேலை பார்த்த ஆலைகளைத்தான் சொல்வார்கள். ஆவடி என்றால் டாங்கி செய்யும் எச்.வி.எஃப். அதே ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் ஆர்ட்னன்ஸ் குளோத்திங் ஃபேக்டரி இருப்பது வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வராது. இரும்பு ஊருக்குப் பெயர் வாங்கித் தருகிறது. துணி தருவதில்லை.

தமிழில் 'தையல்' என்றால் ஊசிநூல் வேலை மட்டுமல்ல, பெண் என்றும் பொருள். முனைவர் பட்ட ஆய்வின்போது நிகண்டுகளில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எஸ்டேட் சங்கு ஊதும் நேரம் நினைவுக்கு வரும். ஆத்திசூடியில், பெண்ணின் பேச்சுக்குக் காது கொடுக்காதே என்ற அறிவுரையில் பெண்ணைக் குறிக்க வருவதும் இதே சொல்தான். அதைச் சொன்னதாக நமக்குச் சொல்லித்தரப்படுபவரும் ஒரு பெண் என்பது வகுப்பில் ஒவ்வொரு வருடமும் மாணவிகள் கேட்டுச் சிரிக்கும் இடம்.

எம்.ஐ.ஏ.வின் அம்மா கலாவும் தைத்தவர். லண்டன் ஹௌன்ஸ்லோவில் 1975இல் பிறந்த மாதங்கி, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். அப்பா ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டுக்கு வருவது அபூர்வம். போர் முற்றியபோது அம்மா குழந்தைகளோடு சென்னைக்கு வந்து, ஒரு பாழடைந்த வீட்டில் சில காலம் தங்கினார். மறுபடியும் யாழ்ப்பாணம். பிறகு 1986இல் அகதிகளாக லண்டன். அங்கே கலா செய்த வேலை பிரிட்டிஷ் அரசு வழங்கும் பதக்கங்களைக் கையால் தைப்பது. 2020 ஜனவரியில் எம்.பி.இ. விருதை இளவரசர் வில்லியமிடமிருந்து மகள் பெற்றுக்கொண்டபோது, அம்மா இத்தனை வருடம் யார் யாருடைய மார்புக்காகவோ தைத்த பதக்கத்தில் ஒன்று வீட்டுக்கு வந்தது.

'கலா'வை நான் முதலில் கேட்டது 2009இல். 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்தில் வந்த ஒரு பாட்டின் வழியாக. ரயிலின் மேல் போகும் சிறுவர்களோடு ஓடும் அந்தப் பாட்டில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும்தான் பல்லவியின் பாதி. அடியில் திரும்பத் திரும்ப வரும் கித்தார், கிளாஷ் என்ற ஆங்கிலேய பங்க் ராக் குழுவின் 1982 ஆல்பத்திலிருந்து எடுத்தது. கிளாஷ் அந்தப் பாட்டில் பேசியதும் குடியேறியவர்களைப் பற்றித்தான். கால் நூற்றாண்டு கழித்து, குடியேறிய பெண்ணொருத்தி அதே கித்தாரின் மேல் ஏறி நின்று தானே பேசுகிறாள்.

கடைகளில் 'கலா'வை பங்க் அடுக்கில் வைக்க மாட்டார்கள். ஆனால் அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. ஓவியக் கல்லூரியில் படித்த மாதங்கி, ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் என்ற பெண் தலைமையேற்ற எலாஸ்டிகா ராக் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்தார். அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கக் கூடவே போனார். அந்தப் பயணத்தில் முதலில் மேடையேறிப் பாடிய பீச்சஸ் என்ற பாடகிதான் ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப்பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தி, நீயே செய்து பார் என்றவர். இசை கற்காத பெண்ணிடம் இசை கற்காதது ஒரு தடையே அல்ல என்று இன்னொரு பெண் சொன்னாள். பங்க் என்பதன் சாரமே இதுதான். சென்னையில் வளர்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய சொல் என்று தெரியும். நம்மிடம் பாட்டு என்றால் குரு வேண்டும், அரங்கேற்றம் வேண்டும், யார் வீட்டுப் பெண் என்ற விசாரணை வேண்டும்.

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் செய்வதாகத்தான் திட்டம். விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று கதவு திறந்த நாடுகளிலெல்லாம் ஒலி சேர்த்தார். சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் ஸ்டுடியோவில் உறுமி பதிவாயிற்று. 'தளபதி' படத்தின் இளையராஜா பாட்டு ஒன்றின் துண்டு, முதல் பாட்டிலேயே ஒலிக்கிறது. விசா மறுத்த அதிகாரி அந்த ஆல்பத்துக்குச் செய்த உதவி பெரிது.

அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். உறுமி வந்ததும் நிமிர்ந்தார்.

"இது நம்ம கோயில் உறுமி மாதிரி இல்ல இருக்கு? எந்தப் படம்?"

"படம் இல்லம்மா. லண்டன்ல இருக்கிற ஒரு பொண்ணு. அவங்க அம்மா பேர வச்சிருக்கா. கலான்னு."

"அம்மா பேரையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். செத்தால்தான் பெயர் வரும், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில். உயிரோடு இருக்கும் தாய்க்கு நம்மிடம் பாட்டு உண்டு, பெயர் கிடையாது. 'மன்னன்' தொடங்கி எத்தனை படங்களில் அம்மா பாட்டு கேட்டிருக்கிறோம்! மகன் பாடுவான், அம்மா படுக்கையிலோ நாற்காலியிலோ இருப்பார். கருவறை, பால், தியாகம், தெய்வம். அந்த அம்மாக்களில் ஒருவருடைய பெயராவது பாட்டில் உண்டா? 'கலா' ஆல்பத்தில் அம்மாவைப் போற்றும் தாலாட்டு இல்லை, கண்ணீர் இல்லை. கூச்சலும் உறுமியும் கல்லாப்பெட்டியுமாக இருக்கும் ஒரு ரகளையின் மேல் அம்மாவின் பெயர் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். தாய்மையைப் புகழ்வது வேறு, ஒரு பெண்ணுக்கு அவள் பெயரைக் கொடுப்பது வேறு. முதலாவதற்குச் செலவில்லை. அதனால்தான் அது எங்கும் கிடைக்கிறது.

சட்டமே இதில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. தாயும் குழந்தையின் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது 1999இல், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில். மகனுக்காக வாங்க நினைத்த ஒரு பத்திரத்தில் அம்மாவின் கையெழுத்து செல்லுமா என்பதுதான் அங்கே கேள்வி.

செய்த வேலைக்குப் பெயர் கிடைப்பதில் மகளுக்கும் சிக்கல் இருந்தது. ஆல்பம் வந்த நேரத்தில் கொடுத்த ஒரு பேட்டியில், தன் இசையை எல்லாம் டிப்ளோ என்ற ஆண் தயாரிப்பாளர்தான் செய்தார் என்று பத்திரிகைகள் எழுதுவதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். இதைப் படித்த என் மாணவி ஒருத்தி, "மேடம், அப்போ உறுமி அடிச்சவங்க பேரு?" என்று கேட்டாள். சரியான கேள்வி. ரகுமானின் ஸ்டுடியோ என்று நாம் சொல்கிறோம், எம்.ஐ.ஏ.வின் ஆல்பம் என்கிறோம். ஒரு பக்கம் கோலால் தேய்த்து உறும வைத்து, மறுபக்கம் அடித்துக் கை காய்த்தவர்களின் பெயர் ரசிகர்களின் வாயில் வருவதில்லை. சாதியும் கூலியும் பெயரை எங்கே வெட்டுகின்றன என்பதைப் பெண்ணியம் பார்க்காவிட்டால் அதுவும் இன்னொரு லேபிள்தான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடையேறியபோது, கானா பாடும் ஆண்கள் நடுவே இசைவாணி பாடியது அந்த வெட்டை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தைத்ததுபோல் இருந்தது.

'கலா'வுக்காக எம்.ஐ.ஏ. 2007 முதல் ஊர் ஊராகப் போனார். நிகழ்ச்சிகளில் கூட்டத்திலிருந்து பெண்களை மேடைக்கு ஏற்றி ஆட விடுவார். 2008 வசந்தத்தில் அமெரிக்காவில் இன்னொரு சுற்று நடந்தது. ஜூனில் டென்னசியில் பொன்னரூ விழா மேடையில், இதுதான் என் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்து, ஐரோப்பியப் பயணத்தை ரத்து செய்தார். களைத்துப் போனதாகச் சொன்னார். 2009 பிப்ரவரி 8 அன்று, மருத்துவர் குறித்த பிரசவ நாளிலேயே, நான்கு ஆண் ராப் பாடகர்களோடு கிராமி மேடையில் நிறைவயிற்றோடு பாடினார். மூன்று நாளில் குழந்தை பிறந்தது. அந்த மாதங்களில்தான் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கிடைத்த தொலைக்காட்சிகளிலெல்லாம் அதைப் பற்றிப் பேசினார்.

அந்தக் கிராமிக் காட்சியைப் பெண்ணின் வலிமை என்று கொண்டாடியவர்கள் நிறையப் பேர். எனக்கு அதைவிடப் பிடித்தது, களைத்துவிட்டேன் என்று சொல்லி நிறுத்தினாரே, அது. அம்மா வேலை பார்த்த இடத்தில் அரை நாள் விடுப்பு எடுத்தால் அந்த மாத வருகைப் படி போய்விடும். ஷிப்மென்ட் நேரத்தில் களைப்பு என்ற சொல்லையே லைன் சூப்பர்வைசர் காதில் வாங்க மாட்டார். நிறைவயிற்றோடு வேலை செய்வது எங்கள் ஊரில் சாதனை இல்லை, எல்லோரும் செய்ததுதான். நிறுத்த முடிவதுதான் சாதனை.

அந்தப் போரின் நிழல் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது 1998 ஜனவரியில், பூந்தமல்லியில் இருந்த தடா நீதிமன்றத்தில்தான். ஈழத்தமிழர்களை அடைத்த சிறப்பு முகாமும் பூந்தமல்லியில் இருந்தது. எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு யாழ்ப்பாண அக்காவை, 1991க்குப் பிறகு வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அவரும் தைப்பவர்தான். ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக் கொடுப்பார். போகும்போது தைக்கக் கொடுத்திருந்த துணிகளையெல்லாம் முடித்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

எம்.ஐ.ஏ. சொல்வதையெல்லாம் நான் ஏற்கவில்லை. 2020இல் தடுப்பூசிக்கு எதிராக அவர் பேசியது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. ஒருவரை வணங்குவதற்காகப் பாட்டுக் கேட்பதில்லையே.

சில வருடங்களாக இளங்கலை முதலாண்டு மாணவிகளிடம் ஒரு பக்கக் கட்டுரை கேட்கிறேன். தலைப்பு அம்மாவின் பெயர். 'அம்மா' என்ற சொல்லைக் கட்டுரைக்குள் பயன்படுத்தக் கூடாது, தியாகம், தெய்வம் கூடாது. அவர் காலையிலிருந்து இரவுவரை என்ன செய்கிறார் என்று மட்டும் எழுத வேண்டும். பலருடைய அம்மாக்கள் இன்றும் எஸ்டேட்டில்தான் இருக்கிறார்கள். டெய்லர், செக்கிங், நூல் வெட்டுபவர். இந்த வருடம் ஒருத்தி தலைப்பை வெற்றாக விட்டுக் கொடுத்தாள். கேட்டதற்கு, "கம்பெனியப் பத்தி எழுதியிருக்கேன் மேடம். பேரு போட்டா அம்மாவுக்குப் பிரச்சினை வரும்" என்றாள்.

பெயர் கொடுப்பதே விடுதலை என்று நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் இதைச் சொன்னாள். வேலை போகாது என்ற உறுதி இருப்பவர்களுக்குத்தான் பெயர் ஒரு மகுடம். மற்றவர்களுக்கு அது மேஜையில் இருக்கும் ஒரு பட்டியல், யாரை முதலில் நிறுத்துவது என்று பார்க்கும் பட்டியல். சங்கமும் கூலியும் இல்லாமல் பெயர் மட்டும் போதாது.

தாளை அப்படியே வாங்கிக்கொண்டேன். மதிப்பெண்ணும் போட்டேன். மறுநாள் எல்லோரும் படித்துக் காட்டும் முறை வந்தபோது அவள் எழுந்து நின்று, தாளைப் பார்க்காமல், தலைப்பை வாயால் சொன்னாள். இனிஷியல் இல்லாமல், சத்தமாக. பிறகு படிக்கத் தொடங்கினாள்.