வல்லைவெளியில் ஒரு மழை

கார்த்திகை மழையின் மெய்யான வலிமையை அறிய விரும்புவோர் வல்லைவெளிக்குச் செல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் எனத் தோட்டங்களையும் வேலிகளையும் கடந்து, திடீரென மரமற்ற வெளியில் இறங்குகின்றது. நீரேரிமீது வரும் வாடைக்காற்றைத் தடுப்பார் அங்கில்லை.

சென்ற கார்த்திகையில் அவ்வெளியின் நடுவே எங்கள் மொறிஸ் மைனர் காரினுள்ளும் மழை பெய்யலாயிற்று. முன்கண்ணாடியின் மூலையில் ஒழுகிய நீர் அம்மாவின் மடியை நனைத்தது. "இதை விற்றுவிடுவோமா, அம்மா?" என்றேன். அவர் பதில் கூறவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சிறிது பெற்றோல் விட்டுக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் அப்பா ஓட்டிய கார் அது.

நெல்லியடியில் ஒரு கராச்சில் நிறுத்தினோம். முதிய மெக்கானிக் கால்விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடித்தகடு துருவேறிப் பொருக்காய் உதிர்ந்தது. "இன்னும் இரண்டு மாரி போனால் கால் றோட்டிலைதான், தம்பி!" என்றார்.

மேலே சிலிக்கன் பூசினாற் போதாதா என்றேன். அது பழைய ரப்பரில் நன்கு ஒட்டாது. உள்ளே தங்கும் ஈரம் துருவையே வளர்க்கும் என்றார். பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் இதைக் கவனிப்பார்களாக.

பையன் குழாயாற் கீழிருந்து மேலாக மெல்ல நீர்விட, அவர் விளக்குடன் உள்ளே இருந்து பார்த்தார். நீர் மேல்விளிம்பிற் புகுந்து, ரப்பரின் மறைவில் ஓடி, மூலையிற் சொட்டியது. ஒழுகும் இடம் வேறு, புகும் இடம் வேறு!

1956க்கு முந்திய மைனர்களில் கண்ணாடி இரு துண்டு. எங்களுடையதில் வளைந்த ஒரே துண்டு. கழற்றும்போது என் நெஞ்சு படபடத்தது. ரப்பரோ காவோலைபோல் இறுகிக் கிடந்தது. விளிம்புத் துருவைச் சுரண்டிக் காவிநிறப் பூச்சிட்டுக் காயவிட்டனர். கொழும்பிலிருந்து புதிய ரப்பர் வரும்வரை நாங்கள் பேருந்திற் போய்வந்தோம்.

பொருத்தியதைக் காணத் திரும்பவும் சென்றேன். ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்திற் கயிறு சுற்றி, சவர்க்கார நீர் தடவினர். பையன் வெளியே உள்ளங்கையால் அழுத்த, முதியவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தார்; ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறி அமர்ந்தது. இறுகாத பசையை இடுக்கிற் செலுத்தி, மறுபடியும் நீர்விட்டுப் பார்த்தனர்.

அடுத்த ஞாயிறு வல்லைவெளியில் மழை கொட்டியது. அம்மா அந்த மூலையிற் கைவைத்துப் பார்த்தார். பின்னர், மடியில் விரித்திருந்த துவாயை மடித்து, அப்பா வழக்கமாகக் கண்ணாடி துடைக்கும் துணி வைக்கும் தட்டில் வைத்தார்.