நதிமூலம் பார்க்கத்தான் வேண்டும்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். செவ்வாயின் தென்பாதியில் கிடக்கும் மாதிம் பள்ளத்தாக்கில் அந்தச் சொல்லை மீறியே ஆக வேண்டும். எபிரேய மொழியில் செவ்வாய்க் கோளுக்கான பெயரே இதற்கும் பெயர். நீளம் 700 கிலோமீட்டருக்கு மேல். சில இடங்களில் அகலம் 20 கிலோமீட்டர், ஆழம் 2 கிலோமீட்டர். வற்றிப்போன இந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு ஊர்தி அனுப்பியாயிற்று. ஆனால் இதன் அரிய செல்வம் மூலத்தில்தான் இருக்கிறது.

முகத்துவாரம் என்பது குசேவ் பள்ளம். குறுக்களவு சுமார் 160 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய ஆறு விழுந்த இடத்தில் ஏரி நின்றிருக்கும், வண்டல் படிந்திருக்கும் என்று கணக்கிட்டுத்தான் 2004 ஜனவரியில் நாசா அங்கே ஸ்பிரிட் ஊர்தியை இறக்கியது. சமவெளியில் கிடைத்ததோ எரிமலைப் பாறையான பசால்ட். அப்படியானால் ஆறு வந்ததே பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை, பின்னாளில் பரவிய எரிமலைக் குழம்பு தரையை மூடிவிட்டது. மூடப்படாமல் நின்ற கொலம்பியா குன்றுகளில் ஸ்பிரிட் சிலிக்காவையும் கார்பனேட்டையும் கண்டது. அவை தண்ணீருக்குச் சாட்சிதான். ஆனால் வெந்நீர் ஊற்றுகளும் அவற்றை உண்டாக்கும் என்பதால், ஏரிக்கு அவை முடிவான சாட்சி ஆகா. முகத்துவாரத்தின் ஏடு மூடிக்கிடக்கிறது என்பதே சரி.

ஆகவே ஆற்றை எதிர்த்துத் தெற்கே ஏற வேண்டும். மழையில் பிறக்கும் ஆறு, மேலே போகப் போக ஓடைகளாகப் பிரிந்து மெலியும். மாதிம் மெலிவதில்லை; மூலத்திலேயே முழு ஆறாகப் பிறக்கிறது. கரை உடைத்துக்கொண்ட ஏரியின் கீழே நிலம் அறுபட்டுக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. 2002-இல் ராஸ்மன் இர்வினும் உடன் ஆய்வாளர்களும் இந்த விளக்கத்தைத்தான் முன்வைத்தார்கள்: மேட்டுநிலத்தில் நிரம்பி நின்ற பேரேரி ஒன்று தன் விளிம்பை உடைத்து வடக்கே பாய்ந்தது. அந்த ஏரிப்படுகையே எரிடானியா. அது 2,10,000 கன கிலோமீட்டர் நீரைத் தாங்கியிருக்கலாம் என்றது 2017-இல் வெளியான ஓர் ஆய்வு. பழைய செவ்வாயின் மற்ற ஏரிகள் அத்தனையும் சேர்ந்தாலும் அவ்வளவுதான். படுகையின் ஆழத்தில் 400 மீட்டருக்கு மேல் தடித்த படிவுகள் இருக்கின்றன. ஏரித்தரையில் வெந்நீர் கொப்பளித்ததால் உருவான கனிமங்கள் என்று அந்த ஆய்வு அவற்றைக் கொள்கிறது. வயது ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகள். பூமியின் கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வெயிலே படாமல் உயிர்கள் வாழ்கின்றன. அத்தகைய இடத்தில்தான் உயிர் தோன்றியது என்ற கருத்துக்கு வலு உண்டு. ஆனால் அந்தக் காலத்துக் கடல்தரை பூமியில் பெரும்பாலும் அழிந்துபோயிற்று; அதற்கு ஒப்பான தரை எரிடானியாவில் எஞ்சியிருக்கிறது.

தென் மேட்டுநிலத்தில் தரையிறங்குவது கடினம் என்ற தடை நியாயமானது. உயரமான தரைக்கு மேல் காற்று மெல்லியது. பாராசூட் வேகத்தைக் குறைக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஆனால் நாம் தேடும் படிவுகள் மேட்டின் முகட்டில் இல்லை, படுகையின் பள்ளத்தில் இருக்கின்றன. இறங்குவது எளிது என்பதற்காக மட்டும் இடம் தேர்ந்தால், மூடிய ஏட்டையே மறுபடி புரட்ட நேரும். செவ்வாய்க்கு அடுத்துப் போகும் ஊர்திகளில் ஒன்றாவது எரிடானியாவின் அடித்தரையில் இறங்க வேண்டும்.