குளம் மூடு படலம்

குளம் வெட்டிய புண்ணியவான்களைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். குளத்தைத் தூர் வாரியவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பார்கள். குளத்தை மூடியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டோ? ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்கிறார்களே, அவர்களை நாம் சொல்லவில்லை. அவர்களுடைய கைங்கரியம் வேறு. நாம் சொல்வது, குளத்தையும் வைத்துக்கொண்டு, தண்ணீரையும் வைத்துக்கொண்டு, சில மாத காலத்துக்கு அதைக் கடை அடைப்பதுபோல் அடைத்து வைக்கும் காரியம். 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அந்தக் காரியம் நம் தலையில் வந்து விழுந்தது. அதுவும் செஞ்சியில்!

நம் இல்லாளின் தம்பி கனடா தேசத்தில் டொரான்டோ நகரத்தில் இருக்கிறார். வயதான காலத்தில் வந்து இருப்பதற்கென்று செஞ்சிக்கு வெளியே ஒரு வீடு கட்டினார். மொட்டை மாடியில் ஏறினால் ராஜகிரி மலை கண்ணெதிரே நிற்கும். அந்த அழகு போதாதென்று வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் ஒன்றும் கட்டினார். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் சராசரி 1.4 மீட்டர். ஏறக்குறைய 45,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வருஷத்தில் இருபது நாள் அவருடைய குழந்தைகள் அதில் குதித்து விளையாடுவார்கள். மீதி நாட்களில் காவற்காரர் அதைப் பார்த்துக்கொள்வார். அந்த வருஷம் ஐப்பசியில் காவற்காரர் மகளோடு இருப்பதற்காகச் சென்னைக்குப் போய்விட்டார். சாவிக் கொத்து திண்டிவனத்திலிருந்த நம்மிடம் வந்து சேர்ந்தது.

நமக்கும் நீச்சலுக்கும் உள்ள சம்பந்தம், பத்து வயதில் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு தத்தளித்ததோடு முடிந்து போயிற்று. நீச்சல் குளம் என்பதைச் சினிமாவில் பார்த்திருக்கிறோம். இது மைத்துனருக்குத் தெரியாதது அல்ல. இருந்தாலும் டெலிபோனில் கூப்பிட்டு, "அத்தான், குளிர்காலம் வருகிறது. குளத்தை மூடிவிடுங்கள். எல்லாம் விவரமாக அனுப்பியிருக்கிறேன், அப்படியே செய்தால் போதும்" என்றார். வாட்ஸ்அப்பில் நாலு பக்க இங்கிலீஷ்க் குறிப்பு வந்தது. டொரான்டோவில் அவருடைய வீட்டுக் குளத்துக்காக அவ்வூர்க் கடைக்காரர்கள் கொடுத்த குறிப்பு அது.

அந்தக் குறிப்பில் உள்ளதெல்லாம் அந்த ஊருக்கு முற்றும் நியாயமானவைதான். அங்கே அக்டோபரோடு குளிக்கும் காலம் முடிந்துவிடும். பிறகு தண்ணீர் உறைந்து கட்டியாகும். உறையும் தண்ணீர் சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். குழாய்க்குள் அடைபட்ட தண்ணீர் பருத்தால் குழாய் வெடிக்கும். ஆகையால், மேலே மிதக்கும் சருகை உறிஞ்சுகிற வாய்க்குக் கீழே தண்ணீர் மட்டத்தை இறக்க வேண்டும். குழாய்களிலுள்ள தண்ணீரைக் காற்றடித்து ஊதித் தள்ள வேண்டும். உறையாமலிருக்க இளஞ்சிவப்பான ஒரு திரவத்தைக் குழாய்களில் ஊற்ற வேண்டும். முனைகளுக்குத் தக்கை அடைக்க வேண்டும். மேலே கெட்டித் துணி போர்த்த வேண்டும்.

செஞ்சியில் மார்கழி விடியற்காலையில் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வோம். அதற்கு மேல் குளிர் அங்கே வந்ததில்லை. தண்ணீர் கட்டியாவதென்றால் ஐஸ் பெட்டிக்குள் வைத்தால்தான் உண்டு. இது தெரிந்திருந்தும், அச்சடித்த இங்கிலீஷைக் கண்டால் நமக்கு ஒரு பயபக்தி உண்டாகிவிடுகிறது. அந்த வியாதி இன்னும் நம்மை விட்டபாடில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் போய், உறையாமலிருப்பதற்கு ஊற்றுகிற ரோஜா நிறத் திரவம் உண்டா என்று கேட்டோம். கடைக்காரர் நம்மை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ரோஸ் கலர்ல பெயிண்ட்தான் இருக்குது, சார். எத்தினி லிட்டர்?" என்றார். பெயிண்ட் வாங்காமல் திரும்பினோம்.

அடுத்தது மோட்டார் அறைப் படலம். மணல் நிரப்பிய பெரிய குடம் போன்ற வடிகட்டி. அதன் தலையில் ஆறு நிலைகள் உள்ள ஒரு வால்வு. வடிகட்டுவது, மணலைத் திருப்பிக் கழுவுவது, அலசுவது, வெளியே கொட்டுவது, வடிகட்டாமல் சுற்றிவிடுவது, அடியோடு அடைப்பது என்று ஆறு. மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் அந்தக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்து போகும். இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் திருப்பினோம். குழாய் மூட்டிலிருந்து தண்ணீர் பீறிட்டு நம் மூக்குக் கண்ணாடியைக் கொண்டு போயிற்று. இல்லாள் வாசலில் நின்று, "நீந்தத் தெரியாதவர் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் போகலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

இவ்வளவும் பெரிய தப்பல்ல. பெரிய தப்பு இனிமேல்தான். தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கச் சொல்கிறதல்லவா குறிப்பு? கொஞ்சம் இறக்குவது நல்லதென்றால் முழுவதையும் இறைத்துவிடுவது எவ்வளவு நல்லது! அடித்தரையைத் துடைத்து, காயவிட்டு, பூட்டிக்கொண்டு போய்விட்டால் பாசியும் இல்லை, கொசுவும் இல்லை. குறிப்பில் இல்லாத இந்த யோசனை முழுக்க முழுக்க நம் சொந்தச் சரக்கு. வால்வை 'வெளியே கொட்டு' என்பதில் வைத்து மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் தெருச் சாக்கடையில் ஓட ஆரம்பித்தது. வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் காரியம் நடக்கிறது என்ற பெருமையும் இருந்தது.

ஒன்றரை அடி இறங்கியிருக்கும். மதில் சுவரில் ஒரு விரிசலைப் பூச வரச் சொல்லியிருந்த மேஸ்திரி அப்போது வந்து சேர்ந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. கிணற்றுக்கு உறை இறக்கியும் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியும் பழகின கை. அவர் சுவரைப் பார்க்கவில்லை. குளத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார்.

"ஏன் சார் எறைக்கிறீங்க?"

"மழைக்கு முன்னால் மூடி வைக்கப் போகிறோம்."

"மூடுங்க, வேணாங்கல. தண்ணிய ஏன் எறைக்கிறீங்க? பூமி ஊறிச்சின்னா காலித் தொட்டி மெதந்துடும், சார்."

சிமெண்டுத் தொட்டி மிதக்குமா என்று நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "கப்பலு இரும்புல செஞ்சதுதானே, சார்?" என்று கேட்டுவிட்டு மோட்டாரைத் தாமே நிறுத்தினார்.

அன்றிரவு காகிதமும் பென்சிலும் எடுத்து நாமே கணக்குப் போட்டுப் பார்த்தோம். அடித்தளமும் நாலு சுவருமாகச் சேர்ந்து, அரை முழக் கனத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் எடை சுமார் 30 டன். சுற்றிலும் மண்ணில் விளிம்பு மட்டத்துக்கு நீர் ஊறினால், தொட்டி அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தின் அளவுக்கு நீர் மேல் நோக்கித் தள்ளும். அது 50 டன்னுக்கு மேல். உள்ளே இருக்கும் 45 டன் தண்ணீர்தான் அதைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் நாம் அன்று பகலெல்லாம் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்! தொட்டி முழுதாக எழும்பாவிட்டாலும் அடித்தளம் பிளக்கும், குழாய்கள் ஒடியும். இந்தக் காலத்தில் கட்டும் குளங்கள் சிலவற்றில், அடியில் ஊறும் நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைத் தணிக்க ஒரு வால்வு வைப்பதுண்டாம். மைத்துனர் குளத்தில் வைத்தார்களா என்பது கட்டியவருக்கே வெளிச்சம். டொரான்டோக் குறிப்பும் முழுக்க இறைக்கச் சொல்லவில்லை என்பதை மறுபடி படித்த பிறகுதான் கவனித்தோம்.

மறுநாள் மேஸ்திரி, "கோட்டையில வந்து பாருங்க, சார். எந்தக் குளத்தையாவது மழைக்கு முன்ன எறைச்சி வெச்சிருக்காங்களா?" என்றார். செஞ்சிக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறோம். தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டிருக்கிறோம். தண்ணீரைப் பார்ப்பதற்காக மட்டும் கோட்டைக்குள் போனது அன்றுதான்.

கல்யாண மகாலின் நடுவில் அடுக்கடுக்காக எழும் கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதன் ஆறாவது நிலை வரைக்கும் மண் குழாய்கள் வழியாகத் தண்ணீர் ஏறிற்று என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? தண்ணீர் வந்த இடம் சுமார் 500 கஜத்துக்கு அப்பாலுள்ள சக்கரைக் குளம். நம் மோட்டார் அறையில் ஆறு நிலை வால்வோடு மல்லுக்கட்டிய நமக்கு, ஆறு நிலை மாடிக்கு மோட்டாரே இல்லாமல் தண்ணீர் ஏற்றியவர்களிடம் பொறாமை உண்டாயிற்று. சக்கரைக் குளம், செட்டிக் குளம், ஆனைக் குளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ராஜகிரியில் ஊற்றுக்களும் உண்டு. மழை நீரைத் தேக்கும் சுனைகளும் உண்டு. 1690 முதல் 1698 வரையில் ராஜாராம் காலத்து மராட்டியப் படையை ஜுல்பிகர்கான் இந்தக் கோட்டையில்தான் முற்றுகையிட்டான். மதில்களையும் பீரங்கிகளையும் பற்றிச் சரித்திரக்காரர்கள் நிறைய எழுதுகிறார்கள். குடிக்கத் தண்ணீரில்லாத கோட்டை எட்டு வருஷம் இருக்கட்டும், எட்டு நாள் தாங்குமா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது, செஞ்சியும் அவற்றில் ஒன்றாயிற்று. பன்னிரண்டில் தமிழ்நாட்டிலுள்ளது இது ஒன்றுதான்.

மேஸ்திரி படிக்கட்டில் உட்கார்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த சந்தில் விரலை விட்டுக் காட்டினார். "இது மூச்சு வுடும், சார். வெளிய தண்ணி ஏறினா உள்ள கசியும். உள்ள ஏறினா வெளிய போவும். உங்களுது பீங்கானு, மூச்சு வுடாது. அதனால வவுத்துல தண்ணி இருந்துகினே இருக்கணும்." நாம் கணக்கில் கண்டதை அவர் விரலால் காட்டிவிட்டார்.

குளத்தை மூடும் வேலை அதற்குப் பிறகு அவருடைய சொற்படி நடந்தது. விட்ட தண்ணீரைக் கிணற்றிலிருந்து திரும்ப நிரப்பினோம். மிஞ்சுகிற நீர் வெளியேறும் குழாயில் ஒரு கூடைச் சருகும் ஒரு தவளைக் குடும்பமும் இருந்தன. அவற்றை அப்புறப்படுத்தினோம். அந்தக் குழாய் அடைபட்டிருந்தால் மழை நீர் மோட்டார் அறைக்குள் புகுந்திருக்கும். மோட்டாரை ஒரு முழ உயர மேடைக்கு மாற்றினார். கிழிந்த ரப்பருக்குப் புதிது போட்டு, மணலைக் கழுவி, குளோரினைக் கணக்காகக் கலந்து, தினம் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட ஏற்பாடு செய்தோம். ஓடாத தண்ணீரில் குளோரின் தீர்ந்தால் சில நாளில் பச்சைப் பாசி பிடிக்கும். அப்புறம் கொசு ராஜ்யந்தான்.

போர்வை விஷயத்தில் மட்டும் குறிப்பை விட மனம் வரவில்லை. நீல நிறத் தார்ப்பாய் ஒன்று வாங்கி, நாலு பக்கமும் செங்கல் வைத்து இழுத்துக் கட்டினோம். பார்வைக்கு வழவழவென்று தரை மாதிரியே இருந்தது. மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று அதைத் தரை என்றே நம்பி ஓடிவந்தது. நடுவில் தார்ப்பாய் தொய்ந்தது, செங்கல்கள் சரிந்தன, குட்டியும் தார்ப்பாயுமாகச் சுருண்டு உள்ளே போயின. மேஸ்திரி குதித்து இழுத்துப் போட்டார். குட்டி பிழைத்தது. அதைத் துரத்திக்கொண்டு வந்த ஐந்து வயதுப் பையன் விளிம்பில் நின்று கைகொட்டிச் சிரித்தான். நமக்குக் கை கால் வெகு நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. குட்டிக்கு இரண்டு தப்படி பின்னால்தான் அவன் ஓடி வந்திருந்தான். அன்றிரவே தார்ப்பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு, ஆள் விழுந்தாலும் தாங்கும்படியான கயிற்று வலை தேடி வாங்கினோம். பின்புறத்து வேலிக்குக் கதவும் பூட்டும் போட்டோம். செலவைப் பற்றி மைத்துனர் கேட்டபோது, ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னோம். பிறகு அவர் கேட்கவில்லை.

நவம்பர் 30-ஆந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிற்று. ஏறிய புயல் நகர மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. செஞ்சியிலும் வானம் பிளந்துகொண்டாற்போல் கொட்டிற்று. சங்கராபரணி கரை புரண்டு ஓடிற்று. நாம் அந்த வீட்டிலேதான் மாட்டிக்கொண்டிருந்தோம். மின்சாரம் இல்லை. இரவெல்லாம் மழையின் இரைச்சலுக்கு நடுவே சிமெண்டு பிளக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தோம். இல்லாளும் தூங்கவில்லை. "நாம் இறைத்த ஒன்றரை அடியைச் சரியாக நிரப்பினோமா?" என்று நள்ளிரவில் அவள் கேட்டபோது, 'நாம்' என்று அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டது ஆறுதலாக இருந்தது.

பொழுது விடிந்ததும் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தோம். கிணற்றில் கையால் மொண்டு எடுக்கும்படி தண்ணீர் நின்றது. குளம் நிரம்பி, மிஞ்சியது குழாய் வழியே மடமடவென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. சுவரும் தரையும் இருந்த இடத்தில் இருந்தன. அடுத்த மனையில் புது வீட்டுக்காகப் புதைத்து வைத்திருந்த காலிப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி மட்டும் இரண்டு அடி மேலே கிளம்பி, நீர்யானை தலை தூக்கினாற்போல் மண்ணை முட்டிக்கொண்டு நின்றது.

மேஸ்திரி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். அந்தத் தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. "காப்பி இருக்குதுங்களா, அம்மா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

நாலு நாள் கழித்து டெலிபோன் வேலை செய்தபோது மைத்துனர் கூப்பிட்டார். புயல் செய்தியை அங்கே டெலிவிஷனில் பார்த்துப் பதறிப் போயிருந்தார். குளம் பத்திரமாக இருக்கிறதென்று சொன்னோம்.

"அத்தான், அந்த ரோஸ் கலர் மருந்து கிடைத்ததா?" என்றார்.