நெடுந்தீவுக்கு இருவர்

யாழ்ப்பாணத்தவராகிய நாம் பிரயாணம் செய்யாதவர்கள் அல்லர். செல்வச்சந்நிதிக்குப் போகிறோம்; திருக்கேதீச்சரத்துக்கும் திருக்கோணேச்சரத்துக்கும் போகிறோம்; வசதியுள்ளவர்கள் கதிர்காமத்துக்கும், கடல் கடந்து சிதம்பரத்துக்கும் போய்வருகின்றனர். ஆயினும் இப்பிரயாணங்களிற் கணவனும் மனைவியும் ஒன்றாகப் போகின்றனர் என்று சொல்வது ஒருவகை உபசார வழக்கேயாகும். பதினைந்து பேர் ஏறிய வாகனத்திற் கணவன் சாரதிக்கு அருகே அமர்ந்து வழி சொல்லிக்கொண்டிருப்பான். மனைவியோ பின்வரிசையிற் கட்டுச்சோற்றுக் கடகத்துக்கும் வாந்தியெடுக்கும் பிள்ளைக்கும் காவலாயிருப்பாள். மாலையில் வீடு திரும்பிய பின்னரே, "கோயிலிற் சனம் கூடவோ?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வர்.

இக்காலத்து இளந்தம்பதிகள் மணம் முடித்த கையோடு நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் போகின்றனர். அது நல்லதே, அதனைக் குறைகூறும் முதியோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் வயதினருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. எங்கள் திருமணம் 2007ஆம் ஆண்டு நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டது. புகையிரதமோ 1990ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரிலேதான். புதுமணத் தம்பதிகளாய் நாங்கள் செய்த பிரயாணமெல்லாம், விருந்துக்கழைத்த உறவினர் வீடுகளுக்குச் சைக்கிளிற் போய், ஊரடங்கு தொடங்குமுன் வீடு திரும்பியதே. பின்னர்ப் பாதைகள் திறந்தன. அப்பொழுது பிள்ளைகள் கைக்குழந்தைகள். பிள்ளைகள் வளர்ந்தனர்; அப்பொழுது பிரத்தியேக வகுப்புக்கள். இவ்வாறே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. இல்லறம் இனிதாகவே நடந்தது. ஆயினும் எங்கள் பேச்சைக் கூர்ந்து கேட்ட ஒருவர், அது பெரும்பாலும் மின்சாரக் கட்டணம், பால், பரீட்சை, அம்மாவின் மருந்து என்னும் நான்கு பொருள்களுக்குள் அடங்கிவிட்டதை அவதானித்திருப்பார்.

தமிழிலக்கியத்தில் இருவராய்ச் செல்லும் பிரயாணத்துக்குக் குறைவில்லை. அகத்திணையில் உடன்போக்கு என்றே ஒரு துறை உண்டு. ஆயினும் அது காதலர் ஊரறியாது செல்லும் செலவு. மணம்புரிந்து வாழ்ந்த இருவரின் வழிப்பயணம் என்றவுடன் நினைவுக்கு வருவது புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கோவலன் கண்ணகியின் பயணமே. ஒரு காவதம் நடந்த அளவிலேயே அடி வருந்திய கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். வழியோ முப்பது காதம். கோவலன் அதனை ஆறைங்காதம் என்று சொல்லிச் சிரிக்கிறான். ஆறும் ஐந்தும் பெருக்கின் முப்பது. ஆறோ ஐந்தோ என்று கேட்டாற் சிறுதூரம். வகுப்பிலே இவ்விடத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் மாணவர்கள் சொற்சாதுரியத்தை வியப்பார்கள். எனக்கோ அச்சிரிப்பு என்றும் மனவருத்தந் தரும். ஒருவர் அறிந்த தூரத்தை மற்றவர் அறியாது நடக்கும் வழி அது. எனவே 2025ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நாங்கள் இருவருமாக ஒருநாட் பிரயாணம் போவதென்று முடிவானபோது, தூரம், செலவு, திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதி இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

திட்டமிட்டது விறாந்தையில், இராச் சாப்பாட்டுக்குப் பின், நான்கைந்து நாட்களாக. சொல்லப்போனால் எங்கள் பிரயாணம் அங்கேயே தொடங்கிவிட்டது. என் மனைவி வங்கியொன்றிற் பணிபுரிபவள். எதனையும் நிபந்தனையோடு பேசுபவள். முதல் நிபந்தனை உணவைப் பற்றியது.

"இஞ்சேருங்கோ, நான் விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பிச் சமைச்சுக் கட்டிக்கொண்டு வரமாட்டன். அப்பிடியெண்டால் எனக்கு அது பிரயாணமில்லை; வேறை இடத்திலை குசினி."

அதனைத் தாளிற் குறித்துக்கொண்டேன். நம் வீடுகளிற் பிரயாணம் என்றதும் ஆண்கள் மகிழ்வதும் பெண்கள் பெருமூச்சு விடுவதும் ஏன் என்பதற்கு இதனிலும் நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. இரண்டாவது நிபந்தனை, அன்று முழுவதும் பணப்பை என்னிடமே இருக்கவேண்டும் என்பது. ஆண்டு முழுவதும் பிறர் பணத்தை எண்ணுபவள் ஒருநாளாவது எண்ணாமல் இருக்க விரும்பினாள்.

நான் முதலிற் சொன்ன இடம் நயினாதீவு. அவள் தலையசைத்துவிட்டாள். "நீங்கள் அம்மனைக் கும்பிடத்தானே சொல்லுறியள்? அதுக்குப் பிள்ளையளோடையும் மாமியோடையும் போவம். இப்ப போனால் அங்கை பத்துப் பேரைக் காணுவம். பத்துப் பேருக்கும் 'பிள்ளையள் எங்கை?' எண்டதுக்கு மறுமொழி சொல்லவேணும்." குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகு ஒருபுறமும் நெடுந்தீவுப் படகு மறுபுறமும் நிற்கும். எத்தனையோ முறை அத்துறைக்குப் போயும் நாங்கள் மற்றப் படகில் ஏறியதில்லை. அவ்வாறு நெடுந்தீவு முடிவாயிற்று.

மாரிகாலத்து வாடைக் காற்றிலும், வைகாசி தொட்டு வீசும் சோளகத்திலும் அக்கடல் கொந்தளிப்புடையது. மாசி, பங்குனியில் அலை அடங்கியிருக்கும். ஆனால் வெயில் கொளுத்தும். குடையும் தண்ணீரும் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், பிற்பகலிற் புறப்படும் படகின் நேரத்தை முதல்நாளே விசாரித்து அறிதல். அதனைத் தவறவிட்டால் அன்றிரவு தீவிலேதான். நான் பார்க்கவேண்டிய இடங்கள் என்று எட்டினை எழுதியிருந்தேன். அவள் அதனை வாசித்துவிட்டு, ஆளுக்கு ஒன்றென்று சொன்னாள். நான் கோட்டையைத் தெரிந்தேன். அவள் குதிரைகளைத் தெரிந்தாள். எஞ்சிய நேரத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டோம். இருவர் செல்லும் பிரயாணத்துக்கு ஓரிடத்தைத் தெரிபவர்கள், பார்ப்பதற்கு அதிகமில்லாத இடத்தையே தெரியவேண்டும் என்பது என் கருத்து. காட்சிகள் மலிந்த இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

இனி அம்மாவிடம் சொல்லவேண்டும். அவருக்கு வயது எழுபத்தாறு. இரண்டு பேருமாய் மட்டும் ஏன் போகிறீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் பாக்குச் சீவிக்கொண்டே, "போட்டு வாங்கோ. நானும் கொப்பரும் அப்பிடி ஒருநாளும் போனதில்லை" என்றார். அவர் குரலிற் குறையோ ஏக்கமோ தெரியவில்லை; செய்தியாகவே சொன்னார். ஆனால் என் மனைவி அன்றிரவு நெடுநேரம் அதனை நினைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அதிகாலை நகரத்திற் கடையொன்றில் தோசைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் இருபுறமும் ஆழமற்ற கடல். இறால் பிடிக்கும் வலைகள். ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள். அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, வாணர் தாம்போதிவழியே புங்குடுதீவை அடைந்தோம். 1991ஆம் ஆண்டை அடுத்து வெறுமையான வீடுகள் பல இன்றும் அங்கே கூரையின்றி நிற்கின்றன. நாற்சார் முற்றத்தில் ஆல் முளைத்திருக்க, படலையில் மட்டும் பூட்டுத் தொங்கும் ஒரு வீட்டைக் கண்டோம். அதன் திறப்பு கனடாவிலோ பிரான்சிலோ யாருடைய மேசை இழுப்பறையில் இருக்கின்றதோ!

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீவின் இறங்குதுறைக்கு மாவிலித்துறை என்று பெயர். அங்கே இறங்குபவர் கண்ணிற் குமுதினிப் படகின் நினைவிடம் படும். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகில், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். நாங்கள் கடந்துவந்ததும் அதே கடல்தான். சிறிது நேரம் நின்றுவிட்டு நடந்தோம். உல்லாசமாகப் புறப்பட்ட நாளில் இத்தகைய இடத்தைக் காண்பது பொருந்துமோ என்று சிலர் நினைக்கலாம். எங்கள் நாட்டில் இதனைத் தவிர்த்துச் செல்லும் வழி ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நெடுந்தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணை லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரடாம். அப்பெயர்கள் யாவும் மறைந்துபோக, டெல்வ்ற் என்பது மட்டும் இத்தீவின் ஆங்கிலப் பெயராக நிலைத்துவிட்டது. இங்கே வேலிக்குக் கிடுகும் இல்லை, கதியாலும் இல்லை. வெண்மையான முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி, ஒவ்வொரு வளவையும் மதிலாக்கியிருக்கின்றனர். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வானம் தெரிகிறது. என் மனைவிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. ஊரிலே நம் தகரவேலிகளை எண்ணி அவள் நகைத்தாள்.

வைத்தியசாலைக்குப் பின்புறமாகக் கடலோரத்திலே கோட்டை சிதைந்து கிடக்கின்றது. அதுவும் முருகைக்கல்லே. கூரையில்லை; சுவர்களின் தடிப்பு மட்டும் பழைய அதிகாரத்தைச் சொல்கின்றது. போர்த்துக்கேயர் குதிரைகளைக் கொண்டுவந்ததையும், ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கி வளர்த்ததையும் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டவள், "சேர், மணி அடிச்சிட்டுது" என்றாள். அருகே ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும் உண்டு. அறை அறையாய்ப் பொந்துகள் அமைந்த சிறு கோபுரம். தூதுப் புறாக்கள் இருந்த இடம். அதைப்பற்றி நான் வாய் திறக்கவில்லை.

தெற்கே, வெளிகளிற் குதிரைகள் நிற்கும் என்று முச்சக்கரவண்டிச் சாரதி சொல்லி அழைத்துச் சென்றார். வழியில் பெருக்குமரம் ஒன்றைக் காட்டினார். அராபிய வணிகர் கொண்டுவந்த மரம் என்று சொல்வர். உள்ளே ஒருவர் நுழைந்து நிற்கத்தக்க பொந்து. வெளியை அடைந்ததும், இரண்டு மணி நேரங் கழித்து வாருங்கள் என்று சாரதியிடம் சொன்னேன். "ரெண்டு மணித்தியாலமோ? இதிலை பாக்க என்ன கிடக்கு?" என்று அவர் வியந்தார்.

உண்மையில் அங்கே ஒன்றுமில்லை. காய்ந்த புல், வெண்கற்கள், தொலைவில் நீலக்கோடாய்க் கடல். மதிலொன்றின் நிழலிற் குந்தினோம். சற்று நேரத்தில் எட்டுப் பத்துக் குதிரைகள் நடந்துவந்தன. குட்டையானவை, பிடரிமயிர் சடைபிடித்தவை, யாருக்கும் உரிமையல்லாதவை. தாய்க்குப் பின்னால் ஒரு குட்டியும் வந்தது. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது இவற்றிற் பல மாண்டுபோவதுண்டு. வற்றத் தொடங்கிய குட்டை ஒன்றில் அவை வரிசையாய்த் தலைகுனிந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் தானாகவே பேசத் தொடங்கினாள்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததை யாழ்ப்பாணத்தவர் யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை. அவளும் அதிற் போனவள், பன்னிரண்டு வயதில். அது எனக்குத் தெரியும். தெரியாதது இது. அன்றிரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் அசையமுடியாமற் சனத்தோடு நின்றபோது, சிறுமி நித்திரையில் விழுந்து மிதிபட்டுவிடக்கூடாதென்று, தகப்பனார் அவளை வாய்பாடு சொல்லவைத்தாராம். பன்னிரண்டாம் வாய்பாடு முடிய, பதின்மூன்று. அது முடிய, பதினான்கு. பதினாறாம் வாய்பாட்டில் அவள் பிழைவிட்டபோது, சுற்றி நின்ற முன்பின் தெரியாத சனம் எடுத்துக்கொடுத்ததாம். "இண்டைக்கும் வங்கியிலை பதினாறாலை பெருக்கேக்கை அந்த மழை மணம் வரும்" என்றாள். என் மாமனார் இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. அவரை அமைதியான, அதிகம் பேசாத ஒருவராகவே நான் அறிந்திருந்தேன்.

"இதை ஏன் இவ்வளவு காலமும் நீர் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லை எண்டில்லை. எங்கை நேரம்?"

பின்னர் நானும் சிலவற்றைச் சொன்னேன். அவை வாசகருக்கு வேண்டியன அல்ல. தோசையைத் தின்றோம். சம்பல் சற்றே புளித்திருந்தது. ஆனால் சமைத்தவள் அவளல்லளாதலால் அதனைத் தாராளமாகக் குறைகூறி மகிழ்ந்தாள்.

சாரதி திரும்பிவந்தபோது, விரைந்து போனால் மேற்குக் கரையில் வெடியரசன் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்றார். படகுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எனக்கு ஆசை எழுந்தது; அவள் முகத்தைப் பார்த்தேன். "அது எங்கையும் போகாது" என்றாள். மாவிலித்துறையிலே அம்மாவுக்குப் பனங்கட்டிக் குட்டான் ஒன்று வாங்கிக்கொண்டு, முன்னதாகவே போய்ப் படகில் நல்ல இருக்கை பிடித்தோம்.

குறிகட்டுவானில் நாங்கள் இறங்கிய அதே வேளையில் நயினாதீவுப் படகும் வந்து சேர்ந்தது. திருநீறும் அர்ச்சனைத் தட்டுமாய் இறங்கிய கூட்டத்திலே, எங்கள் ஒழுங்கையில் வாழும் அம்மையார் ஒருவர் தம் குடும்பத்தார் பன்னிருவரோடு நின்றார். எங்களைக் கண்டதும் அவர் கண்கள் எங்கள் பின்னால் யாரையோ தேடின.

"என்ன தங்கச்சி, பிள்ளையள் எங்கை? மாமி வரேல்லையோ?"

"இல்லையக்கா," என்றாள் என் மனைவி, குடையை மடக்கிக்கொண்டே. "நாங்கள் ரெண்டு பேருந்தான் வந்தனாங்கள்."