மண்ணில் ஒரு சஹன்

ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் காயல்பட்டினத்து விருந்துகளில் இன்றும் உண்டு. சென்னையில் குடியேறிய எங்கள் வீட்டிலோ ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு. உம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுக்களையில் தனியே உண்பார்கள். ரமளானிலேனும் இது மாறட்டும் என்று, களிமண்ணில் ஒரு சஹன் செய்யத் தொடங்கினோம்.

இதற்குக் குயவர் சக்கரம் தேவையில்லை. பிசைந்த மண்ணைத் துணிமேல் இட்டு, இருபுறமும் 8 மி.மீ. கனமுள்ள மரச்சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் உருளைக்கட்டையை ஓட்டினால் சீரான தகடு கிடைக்கும். ஒரே திசையில் உருட்டலாகாது. மண்ணுக்கு நினைவாற்றல் உண்டு. ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது விழுந்த வளைவு, நிமிர்த்திய பின்னும் சூளையில் திரும்பத் தலைகாட்டும். ஆகவே தகட்டைத் துணியோடு தூக்கித் தாம்பாளத்தில் படியவைத்தோம். உலர்ந்து சுட்டு முடிவதற்குள் மண் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு சுருங்குமாதலால், 40 செ.மீ. சஹனுக்கு 45 செ.மீ. அளவில் வெட்டினோம். ஓரம் முந்திக் காய்ந்து மேலெழாதிருக்க அதை மூடிவைத்து, இரு வாரம் காத்திருந்தோம்.

காய்ந்த தட்டை விரலால் தட்டினால் ஓசை எழுகிறது. மனிதப் படைப்பைக் கூறும் சூரா அர்ரஹ்மானின் 14ஆம் வசனத்தில் வரும் ‘ஸல்ஸால்’ என்னும் சொல், இப்படி ஓசையெழுப்பும் காய்ந்த களிமண்ணையே குறிக்கும். பலமுறை ஓதிய சொல்தான். காதால் அறிந்தது அன்றுதான்.

10ஆம் நூற்றாண்டின் நிஷாப்பூர்க் குயவர்கள் வெண்பூச்சின்மேல் கூஃபி எழுத்தில் நல்வாக்குகளையும் வாழ்த்துகளையும் தீட்டினார்கள். அதைக் கண்ட தங்கை, விளிம்பில் பிஸ்மில்லாஹ் எழுதலாம் என்றாள். எச்சிலும் கழுவுநீரும் படும் இடத்தில் அல்லாஹ்வின் பெயரை எழுத வாப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. “அதை நாவு சொல்லட்டும்” என்றார்கள். எங்களுக்கும் அதுவே சரியெனப்பட்டது. ஈயம் கலவாத வெண்மெருகு மட்டும் பூசினோம்.

573 டிகிரி செல்சியஸ் அளவில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் சட்டென உருமாறும். சூளை ஆறும்போது அகன்ற தட்டுகள் அங்கேதான் பெரும்பாலும் விரிசல் காணும். முதல் சஹன் அவ்வாறே போயிற்று; இப்போது மொட்டைமாடியில் குருவிகளுக்குத் தானியம் தாங்குகிறது. இரண்டாவது, அல்ஹம்துலில்லாஹ், முழுதாக வெளிவந்தது.

முதல் நோன்பன்று மக்ரிபுக்குப் பின் அதில் சோறு பரப்பினோம். உம்மாவும் அமர்ந்தார்கள். கறித்துண்டுகள் மட்டும் வழக்கம்போல் எங்கள் பக்கமே நகர்ந்துகொண்டிருந்தன.