சீனத்துப் புனித மலைகள் - 4: சங்கிலி பிடித்து ஏறும் ஹுவாஷான்

ஷியானிலிருந்து கிழக்கே 120 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் ஏறி உட்கார்ந்து கால் நீட்டுவதற்குள் ஹுவாஷான் வந்துவிடுகிறது. போன வாரம் எழுதிய ஷியான் சுடுமண் வீரர்களைப் பார்த்த கையோடு பலரும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அது தப்பு.

சீனர்களின் ஐந்து புனித மலைகளில் இது மேற்கு மலை. ஐந்து சிகரங்களும் வெளிறிய கருங்கல் பாறைகள். உயரமான தென்சிகரமே 2,154 மீட்டர்தான். ஆளை மிரட்டுவது உயரமல்ல, செங்குத்து.

அடிவாரத்து யூச்சுவான் கோயில், பத்தாம் நூற்றாண்டுத் தாவோ துறவி சென் துவானுக்கு உரியது. தூங்கியே தவம் செய்தவர் என்று பேர். மாதக்கணக்கில் கண் திறக்க மாட்டாராம். சிலைகூடப் படுத்த நிலையில்தான். பின்னாளில் சோங் வம்சத்தை நிறுவிய சாவ் குவாங்யின், இவரோடு சதுரங்கம் ஆடி மலையையே தோற்றார் என்பது கதை. அதற்காகவே கிழக்குச் சிகரத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. துறவி விழித்திருந்து ஜெயித்தாரா, தூக்கத்திலேயே ஜெயித்தாரா என்றுதான் யாரும் சொல்லவில்லை.

பழைய பாதையில் ஏறினேன். முதலில் ஓடையை ஒட்டிய சாதுவான நடை. பிறகு சியன்சிச்சுவாங் வருகிறது. பாறை வெடிப்புக்குள் படி வெட்டியிருக்கிறார்கள். பாதம் முழுதாகப் பதியாது, பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துத்தான் உடம்பை மேலே இழுக்க வேண்டும். அண்ணாந்தால் முன்னால் போகிறவரின் செருப்பின் அடிப்பாகம்தான் தெரியும். காவடித் தண்டில் தண்ணீர்ப் பெட்டிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு சுமைகூலிப் பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். மூச்சுகூட வாங்கவில்லை.

இருபுறமும் பள்ளமாய்க் கிடக்கும் சாங்லோங் முகட்டைக் கடக்கும்போது தாங் காலத்துப் பேரறிஞர் ஹான் யூவை நினைத்துக்கொண்டேன். இங்கே ஏறிவிட்டு இறங்கப் பயந்து அழுது, கடைசிக் கடிதம் எழுதிக் கீழே எறிந்தாராம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

தென்சிகரத்துப் பலகைப் பாதைதான் இணையத்தில் பேர்போனது. யுவான் காலத்துத் துறவி ஹ ஜிஜென், ஆள் தொந்தரவு இல்லாத தவக்குகைக்குப் போவதற்காக, செங்குத்துப் பாறையில் கம்பி அடித்துப் பலகை பதித்தார் என்கிறார்கள். இன்று அதே பாதையில் இடுப்பில் பாதுகாப்பு வார் கட்டி, படம் எடுக்க வரிசை நிற்கிறது. போகிற வழியே திரும்பும் வழி. எதிரே வருகிறவரைக் கட்டிப்பிடிக்காத குறையாகத்தான் விலக வேண்டும். தனிமை தேடி அமைத்த வழியில் இவ்வளவு நெரிசல்!

1996இல் வடசிகரத்துக்கும் 2013இல் மேற்குச் சிகரத்துக்கும் ரோப் கார் வந்தபின் மலை எல்லாருக்கும் ஆகிவிட்டது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். மேற்குச் சிகரக் கோயிலில் பேத்தியின் கையைப் பிடித்து ஊதுபத்தி ஏற்றிய பாட்டி, சங்கிலி பிடித்து வந்திருக்க முடியாது. கொண்டையில் ஊசி செருகிய துறவி ஒருவர், கூட்டத்தைக் கண்டுகொள்ளாமல் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: பழைய பாதையில் ஏறி, மேற்கு ரோப் காரில் இறங்குங்கள். அடிவாரக் கடையில் பருத்திக் கையுறை கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்; சங்கிலி கையை அறுக்கும். மே, அக்டோபர் மாதங்களின் முதல் வாரத்தில் மட்டும் போகாதீர்கள். சீனாவே விடுமுறையில் இருக்கும்.

(அடுத்த வாரம்: வூதாங்)